பரங்கிமலைச் சிலுவை நமக்குச் சொல்வது
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

நம் பிச்சாட்டூர் நீர்த்தேக்கத்தை நிரப்பும் ஆரணியாறு, ஊத்துக்கோட்டை வழியே ஓடிப் பழவேற்காட்டருகே கடலோடு கலக்கிறது. அந்தப் பழவேற்காட்டில், 1517ஆம் ஆண்டில், மலாக்காவிலிருந்து வந்த போர்த்துக்கீசியர் சிலர் கரையிறங்கினர். உடன் வந்த ஆர்மீனிய வணிகர் ஒருவர் அவர்களை மயிலாப்பூருக்கு அழைத்துச் சென்று, புனித தோமையாரின் கல்லறை எனப் போற்றப்பட்ட இடத்தைக் காட்டினார். தோமையார் உயிர்நீத்த இடமென மரபு கூறுவது, அதற்குத் தென்மேற்கே ஏறக்குறைய 300 அடி உயரத்தில் நிற்கும் பரங்கிமலையாகும். கடலோரத்துச் சென்னைக்கு அம்மலை நெடுங்கால அடையாளம். 1802இல் லாம்டன் என்பார் இந்திய நிலத்தை அளக்கத் தொடங்கியபோது, முதல் அடிக்கோட்டை அதன் அருகிலிருந்தே வரைந்தார்.

1547இல் மலையுச்சியில் கோயில் கட்ட அடித்தளம் தோண்டியபோது, மண்ணுள்ளிருந்து ஒரு கற்சிலுவை வெளிப்பட்டது. அதைச் சுற்றி ஒரு வரி எழுத்துப் பொறிக்கப்பட்டிருந்தது. அங்கிருந்தோரில் எவராலும் அதைப் படிக்க இயலவில்லை. பண்டிதர் ஒருவரை வரவழைத்தனர். அவரோ அதில் தோமையாரின் கதை முழுவதையும் கண்டதாகக் கூறினார். அக்கூற்றே முந்நூறு ஆண்டுகள் நிலைத்தது. 1870களில்தான் பர்னெல் என்னும் அறிஞர், அது பழைய பாரசீகத்தின் பகலவி எழுத்து என உணர்த்தினார். கேரளத்துக் கோட்டயத்திலும் அத்தகைய சிலுவைகள் உள்ளன. அவ்வரியின் சரியான பொருள் யாதென்பதில் இன்றும் அறிஞர்கள் மாறுபடுகின்றனர்.

அன்பர்களே, இதை எண்ணிப் பாருங்கள்! கடல் கடந்து வந்த ஒரு கூட்டத்தார் தம் வேண்டுதலைக் கல்லில் வெட்டி வைத்தனர். கல் அழியவில்லை, எழுத்தும் அழியவில்லை. படிப்பவர்தாம் அற்றுப் போயினர். படிப்பவர் இல்லாத எழுத்துக்குப் பிறர் கூறுவதே பொருளாகிவிடுகிறது.

அதே மலைக்கு மற்றொரு புலம்பெயர்ந்தவரும் தொண்டு செய்தார். அவர் பெட்ரஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர். 1726இல் அடையாற்றின் குறுக்கே சைதாப்பேட்டையில் பாலம் கட்டினார். மலையேறுவோர்க்குப் படிகளும் அமைத்தார். அவற்றைப் பேணப் பொருளும் ஒதுக்கினார். வந்த ஊருக்குத் தொண்டு செய்த அவர், பாலத்தின் கல்வெட்டில் பாரசீகம், இலத்தீன் ஆகியவற்றோடு தம் ஆர்மீனிய மொழியையும் பொறித்தார். பழைய பாலத்தின் இடத்தில் இன்று மறைமலையடிகள் பாலம் நிற்கிறது.

நாமும் பிழைப்பை நாடி இங்கு வந்தவர்களே. தெலுங்கு நம்மை ஏற்றுக்கொண்ட மொழி. நம் குழந்தைகள் அதைச் செம்மையாகக் கற்கட்டும். இவ்வூருக்கு நாம் படியும் பாலமுமாக இருப்போம். ஆனால் பாட்டி எழுதிய கடிதத்தைப் பேரன் பிறரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லும் நாள் நம் காலனியில் வரலாகாது. ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் வீட்டில் தமிழ் எழுத்தைக் கற்பிப்போம். நாம் எழுதி வைப்பதை நம் பேரர்கள் தாமே படிக்கட்டும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!