25 வருஷம் உழைத்தவருக்கு இன்னும் 10 வருஷம் காத்திருப்பா?

(ஸ்ரீரங்கம் தெருமுனைக் கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து)



ஸ்ரீரங்கத்துல இருந்து காவிரிப் பாலம் தாண்டி, தினமும் பொன்மலை ரயில்வே பணிமனைக்கு வேலைக்குப் போற குடும்பங்களுக்கு ஒரு கணக்குச் சொல்றேன்.

2004-க்குப் பிறகு சேர்ந்தவங்களுக்காக, 2025 ஏப்ரல் 1 முதல் ‘ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம்’னு ஒன்றிய அரசு கொண்டு வந்திருக்கு. 25 வருஷ சர்வீஸ் இருந்தா, கடைசி 12 மாத சராசரி அடிப்படைச் சம்பளத்தில் பாதி பென்ஷன். கேட்க நல்லாத்தான் இருக்கு.

ஆனா விருப்ப ஓய்வில் போனா? வேலையில் தொடர்ந்திருந்தால் எந்தத் தேதியில் ஓய்வு பெற்றிருப்பாரோ, அந்தத் தேதியில் இருந்துதான் பென்ஷன்!

2004-ல் 25 வயதில் சேர்ந்தவர், வயசான பெற்றோரைப் பார்த்துக்க 2029-ல் வி.ஆர்.எஸ். கொடுக்கிறார்னு வைங்க. அப்போ வயசு 50. அறுபது வரைக்கும், 10 வருஷம், மாதப் பென்ஷன் கிடையாது. பணிக்கொடை வரும், அது எத்தனை நாள் அடுப்பெரிக்கும்?

பழைய திட்டத்தில் 20 வருஷம் முடித்து விருப்ப ஓய்வில் போனா மறுநாள் முதலே பென்ஷன். பென்ஷனுக்காகச் சம்பளத்தில் பிடித்தமும் இல்லை. இப்போ மாதாமாதம் 10 சதவீதம் பிடித்தம், அதுக்கப்புறமும் காத்திருப்பு!

ஒண்ணு ஞாபகம் வைங்க: ராஜினாமான்னு எழுதிக் கொடுத்துடாதீங்க. ராஜினாமா செய்தவருக்கு இந்த உறுதிப் பென்ஷனே இல்லை.

1946 செப்டம்பர் 5-ல் ஐந்து தோழர்கள் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்த மண் பொன்மலை. நாம கேட்கிறது சலுகை அல்ல. உழைத்து முடித்த கூலி.

விருப்ப ஓய்வா? மறுநாளே பென்ஷன் கொடு!