பணம் பெருகியது, மதிப்போ சுருங்கியது

(விழா அவையில் ஆற்றிய உரை)



தமிழ் பயிற்றுவித்து ஓய்வுபெற்ற எனக்குப் பொருளியலில் என்ன வேலை எனச் சிலர் எண்ணக்கூடும். ஓய்வூதியத்தில் வாழ்பவர்க்கும், நற்பணிக்கென வைப்புநிதியைக் காத்துவரும் அறக்கட்டளையினர்க்கும் பணத்தின் மதிப்பைப் பற்றிய கவலை இயல்பானதே. ஆகவே, ஒரு நாட்டின் உற்பத்திக்கும் அதன் பணத்திற்கும் உள்ள உறவைச் சிறிது சிந்திப்போம்.

மக்கள் கையிலுள்ள நோட்டு, நாணயங்களையும், வங்கிகளில் அவர்கள் இட்டுள்ள வைப்புத்தொகைகளையும் கூட்டினால் வருவது பண அளிப்பு. ஓராண்டில் நாடு ஆக்கும் பொருள்கள், பணிகள் ஆகியவற்றின் மதிப்பு மொத்த உள்நாட்டு உற்பத்தி. முன்னதைப் பின்னதால் வகுத்தால் கிடைக்கும் விகிதம், அண்மை ஆண்டுகளில் இந்தியாவில் முக்கால் பங்குக்குச் சற்று மேல். சீனாவிலும் ஜப்பானிலும் இரு மடங்குக்கும் மேல்.

பணம் மிகுந்தால் விலைவாசி உயரும் என்று படித்திருக்கிறோம். எனினும், இத்தனை பணம் இருந்தும் ஜப்பானில் நெடுங்காலம் விலைகள் ஏறக்குறைய அசையாமல் நின்றன. காரணம், மக்கள் அதைச் செலவிடாமல் சேமிப்பாக வங்கிகளில் வைத்திருந்தனர். நாளையும் இப்பணம் மதிப்போடிருக்கும் என்று நம்புவோரே அவ்வாறு வைத்திருப்பர். எனவே, அவ்விகிதத்தில் மக்களின் நம்பிக்கையும் அடங்கியுள்ளது.

நம்பிக்கை அழிந்தால் நேர்வதை ஜெர்மனி காட்டியது. முதல் உலகப் போரின் செலவுக்குப் பெரிதும் கடனையே நாடிய அந்நாடு, போருக்குப் பின்னும் பற்றாக்குறையை நோட்டடித்து ஈடுகட்டியது. 1923 சனவரியில் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் ரூர் பகுதியைக் கைப்பற்றின. எதிர்ப்பாக வேலையை நிறுத்திய தொழிலாளர்க்கு ஊதியம் தரவும் அச்சகங்களே கைகொடுத்தன. 1914இல் ஒரு டாலருக்கு 4.2 மார்க், 1923 நவம்பரில் 4.2 இலட்சம் கோடி மார்க்!

இங்கே ஒரு வியப்பு உண்டு. நோட்டுகள் மலைபோல் குவிந்தும், அவை அனைத்தின் உண்மை மதிப்பு போருக்கு முந்தைய மதிப்பில் ஒரு சிறு பகுதியாகச் சுருங்கியது. கூலி வாங்கியவர் அந்நேரமே கடைக்கு ஓடினார். எவரும் பணத்தைக் கையில் வைத்திருக்க விரும்பவில்லை. ஓடி ஓடிச் செலவிட்டதால் விலைகள் நோட்டுகளையும் முந்திச் சென்றன.

இதில் மிகவும் நொந்தவர் யார்? வாழ்நாள் முழுதும் சிறுகச் சிறுகச் சேமித்த முதியோர், அரசுக் கடன்பத்திரங்களை நம்பியிருந்த கைம்பெண்கள், மூலநிதியின் வட்டியால் அறம் செய்துவந்த அமைப்புகள். கடன் வாங்கியவரோ காகிதத்தால் கடனைத் தீர்த்துவிட்டார்.

1923 நவம்பரில் ரெண்டன்மார்க் என்னும் புதுப்பணம் வந்தது. ஓர் இலட்சம் கோடி பழைய மார்க்குக்கு ஒரு ரெண்டன்மார்க். அதன் அளவுக்கு வரம்பு கட்டப்பட்டது. அரசுக்குத் தரும் கடனுக்கும் எல்லை வகுக்கப்பட்டது. அரசுச் செலவு குறைக்கப்பட்டது. விலைகள் நின்றன. அதன்பின் பணத்தின் அளவு கணிசமாகப் பெருகியும் விலைகள் முன்போல் பாயவில்லை. மக்கள் மீண்டும் பணத்தைக் கையில் வைத்திருக்கத் துணிந்ததே காரணம். ஆயினும் கரைந்த சேமிப்பு பெரும்பாலும் திரும்பவில்லை.

இந்தியாவில் பணவீக்கத்தை 4 விழுக்காட்டையொட்டி, இரண்டு விழுக்காடு ஏற்ற இறக்கத்திற்குள் காக்கும் பொறுப்பை 2016இல் சட்டம் ரிசர்வ் வங்கியிடம் ஒப்படைத்தது. அச்செய்தியை நாளிதழில் காணும்போது கடந்து போகாதீர்கள். உங்கள் பேரக்குழந்தையின் பெயரில் இட்ட வைப்புத்தொகை எதை வாங்கும் என்பது அந்த எண்ணைப் பொறுத்தது.