நாளைக்கும் வருவீர்களா?

பட்டம் வாங்கும் பிள்ளைகளே,

நான் நகராட்சி நிர்வாகத்தில் இருந்தவன். வீடற்றோர் காப்பகங்களைக் கவனித்தவன். 2011 கணக்கெடுப்பில் நாட்டில் வீடற்றவர்கள் 17 லட்சத்துக்கும் மேல். நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் சொன்னது. சேலத்துக்கு எட்டாவது வேண்டும். லட்சம் பேர் இல்லாத நம் தம்மம்பட்டி அந்தக் கணக்கிலேயே வராது. நம் பேருந்து நிலையத்தில் படுத்திருப்பவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

காப்பகத்துக்குக் கட்டடம் வந்துவிடும், பாயும் வந்துவிடும். சோறுதான் சிக்கல். அமாவாசை, பிறந்தநாள், கல்யாண நாள் என்றால் ஒரே வேளைக்கு நான்கு அண்டா பிரியாணி வந்து நிற்கும். பாதி குப்பைக்குப் போகும். மறுநாள் ராத்திரி ஆளுக்கொரு பன், ஒரு டீ.

தினமும் சோறு போடுவது என்றால் என்னவென்று நான் முன்பே ஓரிடத்தில் பார்த்திருந்தேன். கல்லூரியில் படித்தபோது சிநேகிதன் ஒருவன் என்னை வடலூருக்கு இழுத்துப் போனான். பசித்தவர் யாராயிருந்தாலும் சோறு போட 1867 மே 23 அன்று வள்ளலார் தொடங்கிய சத்திய தருமசாலை அங்கே இருக்கிறது. அன்று மூட்டிய அடுப்பை இன்றுவரை அணையவிடவில்லை. நாங்கள் பரிமாறும் ஆசையில் வாளியைத் தேடினோம். அங்கிருந்த பெரியவர் பூசணிக்காயையும் அரிவாள்மணையையும் தள்ளிவிட்டார். உச்சி வெயில் வரை நறுக்கினோம். கிளம்பும்போது அவர் நன்றி சொல்லவில்லை. “தம்பி, நாளைக்கும் வருவீங்களா?” என்றார். பிறகு விடுமுறை நாட்களில் போக ஆரம்பித்தேன். உலை கொதிக்கும் பதம், கஞ்சி வடிக்கும் பக்குவம் எல்லாம் அங்கே படித்தவை. பிற்பாடு அலுவலகத்தில் கோப்பு பார்த்தபோது அவைதான் உதவின.

காப்பகத்தில் இருப்பவர்களில் பல் போனவர்கள் உண்டு. அவர்களுக்குச் சோறு குழைய வேண்டும். சர்க்கரை நோயாளிக்கு உங்கள் பிறந்தநாள் கேசரி ஆகாது. தொடர்ந்து வருகிறவருக்குத்தான் இது தெரியும்.

வேலைக்குப் போகும் ஊரில் ஒரு காப்பகத்தைத் தேடிக் கண்டுபிடியுங்கள். விசேஷம் எதுவும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை போய், அடுத்த செவ்வாயும் வருவதாகச் சொல்லிவிட்டு வெங்காயம் உரியுங்கள். செல்போனைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.