பாடலுக்குக் கிடைத்த செவி: நாஷ்வில் நகரின் இசைக்கூடங்கள்



மொழிக்காக நடைபெறும் உரைத்தொடரில் மதுக்கூடங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறோமே என்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆசிரியர்கள் சற்றே மனம் வருந்தக்கூடும். மாணவர்கள் அவ்வளவாக வருந்த மாட்டார்கள் என நம்புகிறோம். நாம் பேச எடுத்துக்கொண்டது மதுவை அன்று. பாடல் முதன்முதலாகப் பிறர் காதில் விழும் இடத்தை.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத் தலைநகரான நாஷ்வில், கண்ட்ரி இசைக்குப் பெயர்பெற்ற ஊர். கண்ட்ரி இசை சொல்லை முன்னிறுத்தும் இசை. வேலை இழந்தவன், வீடு திரும்பாத கணவன், தந்தையின் பழைய வண்டி என எளிய மனிதரின் கதையை அவர்கள் பேசும் மொழியிலேயே மூன்று நிமிடங்களில் சொல்லி முடிக்க வேண்டும். மூன்று சுரக்கூட்டுகளும் உண்மையும் இருந்தால் கண்ட்ரி பாடல் ஆகிவிடும் என்று ஹார்லன் ஹோவர்ட் என்னும் பாடலாசிரியர் சொன்னதாக அந்நகரில் இன்றும் வழங்குகிறது. அத்தகைய பாடல் எவ்வகை அறையில் கேட்கப்படுகிறதோ, அந்த அறையே அப்பாடலின் சொல்லையும் ஒருவாறு வகுத்துவிடுகிறது. இதுவே இன்று நாம் முன்வைக்க விரும்பும் கருத்து.

முதலில் ஒரு மண்டபம். தாமஸ் ரைமன் என்னும் ஆற்றுக்கப்பல் முதலாளி, சாம் ஜோன்ஸ் என்னும் சமயப் பேச்சாளரின் உரையைக் கேட்டு மனம் திரும்பினார். அதன் பயனாக எழுந்த வழிபாட்டு மண்டபம் 1892ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. ரைமன் அரங்கம் என்று இன்று வழங்குவது அதுவே. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் போதகரின் குரலைக் கேட்பதற்கென எழுந்த கட்டடம் அது. தேவாலயத்து மரப்பலகை இருக்கைகள் இன்றும் அங்கு உள்ளன. காப்புறுதி நிறுவனம் ஒன்று நடத்திய டபிள்யூ.எஸ்.எம். வானொலி 1925இல் தொடங்கிய நிகழ்ச்சி, பின்னர் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' எனப் பெயர் பெற்று, 1943 முதல் 1974 வரை இவ்வரங்கிலிருந்து ஒலிபரப்பானது. போதகருக்காகக் கட்டிய இடம் பாடகருக்கும் பொருந்தியது. சொல் தெளிவாகக் கேட்க வேண்டும் என்னும் தேவை இருவர்க்கும் ஒன்றே.

அவ்வரங்கில் குளிரூட்டும் வசதி இல்லை, மது இல்லை, பாடகர் உடைமாற்ற இடமும் போதாது. ஆகவே அவர்கள் பின்வாசல் வழியே ஒரு சந்தைக் கடந்து பிராட்வே தெருவின் மதுக்கூடங்களுக்குப் போவார்கள். அவற்றுள் ஒன்றை 1960இல் ஹாட்டி லூயிஸ் பெஸ் என்னும் பெண்மணி விலைக்கு வாங்கினார். 'டூட்சி' என்பது அவருடைய செல்லப்பெயர். வண்ணம் பூச வந்தவர் கடையின் முகப்புக்கு ஊதா நிறத்தைப் பூசிவிட்டாராம். அந்நிறமே நிலைத்து, கடைக்கு டூட்சிஸ் ஆர்கிட் லவுஞ்ச் என்னும் பெயரும் அமைந்தது.

காசில்லாத பாடலாசிரியர்களுக்கு டூட்சி அம்மையார் கடன் கொடுப்பார்; கடன் சீட்டுகளைச் சுருட்டுப் பெட்டி ஒன்றில் போட்டு வைப்பார். குடித்துவிட்டு எழுந்துபோகாதவர்களைத் தொப்பி ஊசியால் குத்தி எழுப்புவார் என்றும் சொல்வார்கள். வில்லி நெல்சன், ரோஜர் மில்லர், கிரிஸ் கிரிஸ்டாபர்சன் ஆகியோர் பெயர் பெறுவதற்கு முன் அங்கே பொழுது கழித்தவர்கள். வில்லி நெல்சன் கைச்செலவுக்கு வழியின்றித் தம் பாடல் ஒன்றை 500 டாலருக்கு விற்றுவிட முன்வந்தபோது, பாடகர் பேரன் யங் அதனை விலைக்கு வாங்க மறுத்து அத்தொகையைக் கடனாகக் கொடுத்தார் என்பது அவ்வூரில் பலரும் சொல்லும் செய்தி. யங் பாடிய அப்பாடல் 1961இல் பெருவெற்றி பெற்றது. பாடகர் இளைப்பாற வரும் அறையில் பாடலாசிரியரும் அமர்ந்திருந்தார். கிதாரை எடுத்துப் பாடிக்காட்ட அவருக்கு இடமும் கேட்க ஆளும் இருந்தன. இடைத்தரகர் வேண்டியதில்லை.

1974 மார்ச்சில் ஆப்ரி நிகழ்ச்சி ஊருக்கு வெளியே புதிய அரங்கிற்குப் போயிற்று. பழைய மேடையிலிருந்து வட்டமாக வெட்டியெடுத்த மரப்பலகையைப் புதிய மேடையின் நடுவே பதித்தார்கள். பிராட்வே தெரு பொலிவிழந்தது. டூட்சி அம்மையார் 1978இல் மறைந்தார். ரைமன் அரங்கம் இடிபடாமல் தப்பிப் புதுப்பிக்கப்பட்டு 1994இல் மீண்டும் இசையரங்கானது. அதன்பின் தெருவும் உயிர்பெற்றது.

இன்றைய பிராட்வேயைக் காண்பவர், அது மிகையாகவே உயிர்பெற்றுவிட்டது என்று எண்ணக்கூடும். காலையிலேயே இசை தொடங்கிவிடுகிறது. பின்னிரவு வரை ஓய்வதில்லை. நுழைவுக்கட்டணம் பெரும்பாலும் இல்லை. ஒரு குழு ஏறத்தாழ நான்கு மணி நேரம் தொடர்ந்து வாசித்து இறங்க, அடுத்த குழு ஏறுகிறது. அவர்களுடைய வருவாயில் பெரும்பகுதி டிப்ஸ். பாடகர் ஒருவர் வாளியை ஏந்திக்கொண்டு மேசை மேசையாகச் செல்வார். 2016இல் ஆலன் ஜாக்சன் பெயரால் ஒரு மதுக்கூடம் திறக்கப்பட்டது. பின்னர் ஜேசன் ஆல்டீன், லூக் பிரையன், மிராண்டா லாம்பர்ட் எனப் புகழ்பெற்றோர் பெயரைத் தாங்கிய பல மாடிக் கூடங்கள் வரிசையாக எழுந்தன.

அங்கு வாசிப்போரின் திறமையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எந்தப் பாடலைக் கேட்டாலும் அந்த நொடியில் வாசிக்க வல்ல கலைஞர்கள் அவர்கள். ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாளியில் பணம் இடுபவர் தமக்குத் தெரிந்த பாடலையே கேட்கிறார். இரைச்சலுக்கு நடுவே புதிய சொல்லைக் காது வாங்குவதில்லை. ஏற்கெனவே மனப்பாடமான சொல்லை மட்டுமே அடையாளம் கண்டு உடன்பாடுகிறது. ஆகவே அத்தெருவில் நாள்முழுதும் பாட்டு நிறைந்திருந்தும் புதிய பாடலுக்கு இடம் அரிதாகிறது.

இதே நகரில், பிராட்வேயிலிருந்து சில கல் தொலைவில், கிரீன் ஹில்ஸ் வட்டாரத்துக் கடைவரிசை ஒன்றில் புளூபேர்ட் கஃபே இருக்கிறது. சுமார் 90 பேர் மட்டுமே அமரலாம். ஏமி கர்லண்ட் என்பவர் 1982இல் அதனைத் திறந்தபோது உணவகமாகவே கருதினார். இசை பிறகு வந்து சேர்ந்தது. அங்கு எழுதப்படாத விதியன்று, வெளிப்படையாகவே சொல்லப்படும் விதி ஒன்று உண்டு: பாடும்போது பேசக்கூடாது. வாய்மேல் விரல் வைத்து எழுப்பும் 'உஷ்' ஒலியே அக்கடையின் அடையாளமாகிவிட்டது. உணவு பரிமாறுவோரும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

1985இல் டான் ஷ்லிட்ஸ், தாம் ஷைலர், பிரெட் நாப்லாக், பால் ஓவர்ஸ்ட்ரீட் என்னும் நான்கு பாடலாசிரியர்கள் மேடையை விட்டு இறங்கி, அறையின் நடுவே ஒருவரையொருவர் நோக்கி வட்டமாக அமர்ந்தார்கள். கேட்போர் அவர்களைச் சூழ்ந்து, முழங்கையும் முழங்கையும் இடிக்கும் நெருக்கத்தில் இருந்தார்கள். ஒருவர் தம் பாடல் பிறந்த கதையைச் சொல்லிப் பாடுவார். பிறகு அடுத்தவர் முறை. கென்னி ரோஜர்ஸ் பாடி உலகெங்கும் பரவிய 'தி கேம்ப்ளர்' பாடலை எழுதியவர் ஷ்லிட்ஸ். பாடகரின் பெயரை அறிந்த கோடிக்கணக்கானோருள் எழுதியவரின் பெயரை அறிந்தோர் எத்தனை பேர்? அந்த வட்டத்திலோ, புகழ்பெற்ற பாடகரின் குரல் இல்லாமல், மெருகேற்றாத குரலில் எழுதியவரே பாடுகிறார். இசைக்கருவிகளின் திரை விலகிவிடுகிறது. சொல் நன்றாயிருந்தால் நிற்கும். இல்லையேல் ஒரு கிதாரின் பின்னால் ஒளிந்துகொள்ள அதனால் இயலாது.

வள்ளுவர் 'கேள்வி' என ஓர் அதிகாரமே வகுத்தார். அச்சொல்லை நாம் இன்று வினா என்னும் பொருளிலேயே மிகுதியும் வழங்குகிறோம். கேட்டல் என்னும் பொருள் பின்னுக்குப் போய்விட்டது. புளூபேர்ட் அறையின் நடைமுறையைத் தமிழில் விளக்க நமக்கு அந்தப் பழம்பொருள்தான் துணைசெய்கிறது.

அவ்வறையில் கார்த் புரூக்ஸ் 1988இல் இசைத்தட்டு நிறுவனத்தாரின் கவனத்தைப் பெற்றார். பதின்ம வயதுப் பெண்ணாகப் பாடிய டெய்லர் ஸ்விப்டும் அங்கேதான் தம்மை அறிமுகப்படுத்தவிருந்த இசைத்தட்டு நிறுவனரின் கவனத்தைப் பெற்றார். இக்கதைகள் உண்மையே, எனினும் இவற்றையே திரும்பத் திரும்பச் சொல்வது அவ்வறைக்கு முழு நியாயம் ஆகாது. திங்கட்கிழமை இரவுகளில் யாரும் அறியாதவர் வரிசையில் காத்திருந்து தம் பாடலைப் பாட வாய்ப்புண்டு. அவர்களுள் பெரும்பாலோர் புகழடையப் போவதில்லை. அவர்களுக்கும் அதே அமைதி வழங்கப்படுகிறது.

பாடலாசிரியரின் பிழைப்பைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். அமெரிக்காவில் இசைத்தட்டு ஒன்று விற்றால் ஒரு பாடலுக்கு எழுதியவர் தரப்புக்குரிய தொகையைச் சட்டமே வரையறுக்கிறது. 1909இல் அது 2 காசு. ஏறத்தாழ 70 ஆண்டுகள் அவ்வாறே நின்றது. 2006இல் 9.1 காசாக இருந்து, 2023இல் 12 காசாயிற்று. பத்து இலட்சம் தட்டுகள் விற்ற ஒரு தொகுப்பில் ஒரு பாடல் இடம்பெற்றாலே, 9.1 காசு வீதம் 91,000 டாலர் வரும்; அதனை உடன் எழுதியோரும் வெளியீட்டாளரும் பங்கிட்டுக்கொள்வார்கள். வானொலியில் ஒருமுறைகூட ஒலிக்காத பாடலுக்கும் இது பொருந்தும். ஆகவே ஒரு பாடலாசிரியர், யாரும் பெரிதாகக் கொண்டாடாத நல்ல பாடல்களை எழுதிக்கொண்டே குடும்பம் நடத்த முடிந்தது. இணையவழியில் பாடலைத் தனித்தனியே கேட்கும் வழக்கம் வந்தபின், தொகுப்பில் ஒட்டிக்கொண்டு வாழ்ந்த அப்பாடல்களின் வருவாய் சுருங்கிவிட்டது. கேட்கும் அறை இருந்தும் எழுதுவோர் தொழிலை விட்டுப் போனால் அவ்வறை என்ன செய்யும்? கர்லண்ட் 2008இல் தம் கடையை நாஷ்வில் பாடலாசிரியர் சங்கத்திடமே ஒப்படைத்தது இந்தக் கவலையோடு சேர்த்து எண்ணத்தக்கது. அதிக விலை தருவோர்க்கு விற்றிருந்தால் அது வேறொரு மதுக்கூடமாகியிருக்கும்.

அறைகள் அழியும் என்பதற்கு அந்நகரிலேயே சான்று உண்டு. ஜெபர்சன் தெருவும் அதன் சுற்றுப்புறமும் ஒருகாலத்தில் கறுப்பின மக்களின் இசைக்கூடங்கள் நிறைந்த பகுதி. 1962இல் படையிலிருந்து விடுபட்ட ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், நண்பர் பில்லி காக்ஸுடன் கிளப் டெல் மொராக்கோவில் இரவுதோறும் வாசித்துக் கைதேர்ந்தார். எட்டா ஜேம்ஸ் 1963இல் தம் நேரடி இசைத்தொகுப்பைப் பதிவுசெய்ததும் நாஷ்விலின் நியூ எரா கிளப்பில்தான். 1960களின் இறுதியில் 40ஆம் எண் விரைவுச்சாலை அப்பகுதியின் ஊடே வகுக்கப்பட்டது. மக்கள் நீதிமன்றம் சென்றார்கள். 1968இல் உச்சநீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்தது. வீடுகளும் கடைகளும் இடிபட்டன, இசைக்கூடங்கள் மறைந்தன. கண்ட்ரி இசையின் தலைநகர் என்று அவ்வூரைப் புகழும்போது இந்தத் தெருவை விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. எட்டா ஜேம்ஸின் பதிவில் கூடத்தினரின் கூச்சல் இன்றும் கேட்கிறது, கூடம் இல்லை.

இன்று அழிப்பது விரைவுச்சாலை அன்று, நிலத்தின் விலை. 1947 முதல் நடந்துவந்த எர்னஸ்ட் டப் இசைத்தட்டுக் கடை 2022இல் மூடப்பட்டது. கல் கட்டடம் ஒன்றில் இயங்கும் ஸ்டேஷன் இன், 1974இல் தொடங்கி 1978இல் இப்போதைய இடத்திற்கு வந்தது. அப்போது அது கிடங்குகள் சூழ்ந்த, யாரும் விரும்பாத பகுதி. இப்போது நாற்புறமும் கண்ணாடி மாளிகைகள். நடுவே தாழ்ந்த கூரையுடன் அது மட்டும் நிற்கிறது. ஞாயிறு இரவுகளில் அங்கு நுழைவுக்கட்டணம் இல்லை. புளூகிராஸ் இசையை வாசிக்கத் தெரிந்த எவரும் தம் கருவியை எடுத்துவந்து, நாற்காலியை இழுத்துப்போட்டு வட்டத்தில் அமர்ந்துகொள்ளலாம்.