வாயில் இல்லாத ஆலை



1918 ஏப்பிரல் 27-ஆம் நாள், சென்னைப் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று. தலைவர் பி.பி. வாடியா ஆங்கிலத்தில் பேசினார். துணைத்தலைவருள் ஒருவரான திரு.வி.க.வோ தொழிலாளியின் உரிமையைத் தூய தமிழில் அவன் நெஞ்சிற் பதியவைத்தார். சங்கம் வேர்கொண்டது.

அச்சங்கத்திற்கு ஒரு வாய்ப்பு இருந்தது. பல்லாயிரவர் ஒரே சங்கொலி கேட்டு வந்தனர். ஒரே வாயிலில் நுழைந்தனர். வாயிலில் நின்று பேசினால் எல்லார்க்கும் கேட்டது.

ஆனால், நெல்லைச் சீமையில் திண்ணையில் அமர்ந்து, மடியில் முறம் வைத்துப் பீடி சுற்றும் பெண்ணுக்கு எது ஆலை? எது வாயில்? இலை தருபவன் இடைத்தரகன். அவனுக்கு மேலுள்ளவன் முகத்தையே அவள் அறியாள். கூலி குறைவென்று வாய்திறந்தால், மறுநாள் இலை கிடையாது. விடியலில் தெருமுனையில் கூலிக்கு நிற்கும் சித்தாளுக்கோ, இன்று ஒரு முதலாளி, நாளை வேறொருவன். இவர்களைத் தனித்தனியே நிறுத்தியிருப்பது அச்சமே.

முதலாளி இல்லாதார்க்குச் சங்கம் எதற்கு என்பார் உளர். 1972-இல் அகமதாபாத்து நகரில் இலா பட்டு அம்மையார் 'சேவா' சங்கத்தைப் பதியச் சென்றபோது, பதிவுத்துறை இத்தடையையே கூறிற்று. உழைப்பவர் தம்முள் ஒன்றுபடுதற்கே சங்கம் என்று அவர்கள் வழக்குரைத்தனர். அவ்வாண்டே பதிவும் பெற்றனர்.

தமிழ்நாட்டு நிலை என்ன? உடலுழைப்புத் தொழிலாளர்க்கான சட்டம் 1982-இல் இயற்றப்பெற்றது. கட்டடத் தொழிலாளர் நல வாரியமோ 1994-இல்தான் அமைந்தது. இடைப்பட்ட பன்னிரண்டாண்டுகள் அச்சட்டத்தால் அவர்கட்கு ஒரு வாரியமும் வாய்க்கவில்லை. கேட்பார் திரளாதவிடத்துச் சட்டமும் வெறுந்தாளே என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

ஆகையால், தொழிற்சங்கம் ஆலைவாயிலை விட்டுத் தெருவுக்கு வருதல் வேண்டும். அடுப்படி வேலை முடிந்தபின் அப்பெண் வந்தமரும் பொழுதே கூட்டத்திற்குரிய பொழுது. உறுப்பினர் படிவமும், ஊதியக் கணக்கும், வழக்குத் தாளும் அவள் படித்தறியும் தமிழில் இருத்தல் வேண்டும். புரியாத மொழியில் எழுதப்பெற்ற உரிமை, பூட்டிய பெட்டியுள் வைத்த சோறு.

ஒன்றை நெஞ்சில் நிறுத்துங்கள். நிலையான ஊதியம் பெறுவோன், தன் ஆலையிலேயே நாட்கூலிக்குத் துடைப்பம் பிடிக்கும் உடன்பிறந்தாளை மறந்தானாயின், நாளை அவன் இடத்திற்கும் நாட்கூலியே வந்து நிற்பான். அவளைச் சேர்க்காத சங்கம், ஒருபுறம் கரை இல்லாத ஏரி.

உழைப்பவர் ஒன்றுபடுக! வெல்க உழைப்பு!