வரைபடத்தில் சேரி எங்கே?



2011 தானே புயலையும் 2015 நவம்பர் வெள்ளத்தையும் கடலூர் மாவட்டம் மறக்காது. இன்று வெள்ளாறும் கெடிலமும் பரவனாறும் எங்கே பெருகுகின்றன என்று புவியியல் தகவல் அமைப்பு காட்டிவிடும். அதை நான் வரவேற்கிறேன். ஆனால் அரசின் கணக்கு வருவாய்க் கிராமத்தோடு நின்றுவிட்டால் போதாது. மேட்டில் இருக்கும் ஊருக்கும் பள்ளத்தில் இருக்கும் சேரிக்கும் அதில் ஒரே பெயர். படகும் அரிசியும் ஊரோடு நின்றுவிட்டாலும், கிராமத்துக்கு நிவாரணம் போய்ச் சேர்ந்ததாகவே கணக்கு முடியும்.

சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் இளைஞர்களைக் கேட்கிறேன்: கைபேசியோடு நடந்து, ஒவ்வொரு சேரியையும் அதன் பாதையையும் 2015இல் தண்ணீர் ஏறிய மட்டத்தையும் குறியுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே ஆட்சியரிடம் கொடுத்து, வரைபடத்தில் தனியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். சேர்க்கும்வரை விடாதீர்கள்.