பலியும் பிராயச்சித்தமும்

 

இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம், கிறிஸ்து மதத்திலும் இந்து மதத்திலும் உள்ள பலி, பிராயச்சித்தம் என்பவைகளைப் பற்றியதாகும். இந்த ஊரில் இரண்டு மதத்துத் தோழர்களும் இருக்கிறீர்கள். ஆதலால் ஒருவர் மதத்தைப் பற்றிப் பேசும்போது மற்றவர் கைதட்டிவிட்டு, தங்கள் முறை வந்ததும் எழுந்து போய்விடக் கூடாதென்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுகிறேன். (சிரிப்பு)

இரண்டுக்கும் ஒற்றுமை உண்டென்பது நான் கட்டிச் சொல்லுவதல்ல. வங்காளத்தில் கிருஷ்ணமோகன் பானர்ஜி என்று ஒரு பிராமணர் இருந்தார். 1832-ல் கிறிஸ்தவராகிப் பிறகு பாதிரியுமானார். அவர் 1875-ல் இதற்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். பிரஜாபதி தன்னையே யாகத்தில் பலியாக்கிக்கொண்டதாக வேதத்தில் வருவது, ஏசு சிலுவையில் பலியானதற்கு முன்நிழல் என்பது அவர் வாதம். ஒற்றுமையை நானும் ஒப்புக்கொள்ளுகிறேன். ஆனால் அவருக்கு அதைக் கண்டு சந்தோஷம் வந்தது. எனக்குச் சந்தேகம் வருகிறது. இரண்டு ஊரில் இரண்டு கணக்குப்பிள்ளைகள் ஒரே மாதிரியாகத் தப்புக் கணக்கு எழுதியிருந்தால், அதனால் கணக்கு சரியாகிவிடுமா?

நீங்கள் அரிச்சந்திர நாடகம் பார்த்திருப்பீர்கள். பொய் சொல்லாதவன் என்று அழுதுமிருப்பீர்கள். ஐதரேய பிராமணம் என்கிற வேத நூலில் உள்ள அரிச்சந்திரன் வேறு மாதிரி. பிள்ளையில்லாமல் வருணனை வேண்டி, பிள்ளை பிறந்தால் அவனையே உனக்குப் பலியிடுகிறேன் என்கிறான். ரோகிதன் பிறந்தான். வருணன் வந்து கேட்கக் கேட்க, பல் முளைக்கட்டும், பல் விழட்டும், ஆயுதம் எடுக்கட்டும் என்று தவணை சொல்லிக்கொண்டே வருகிறான். பையன் பெரியவனாகிக் காட்டுக்கு ஓடிவிட்டான். தகப்பனுக்கு வயிறு வீங்கும் வியாதி வந்துவிட்டது. காட்டிலே பசியால் வாடிய அஜீகர்த்தன் என்கிற பிராமணனை ரோகிதன் கண்டு, நூறு பசு கொடுத்து அவனுடைய நடுப்பிள்ளை சுனச்சேபனைத் தனக்குப் பதிலாக வாங்கினான். மூத்தவனைத் தகப்பன் விடவில்லை, இளையவனைத் தாய் விடவில்லை. யாகத்தில் பையனைத் தூணில் கட்ட ஒருவரும் முன்வரவில்லை. பெற்ற தகப்பனே இன்னும் நூறு பசு வாங்கிக்கொண்டு கட்டினான். வெட்டவும் ஆளில்லை, அதற்கும் இன்னொரு நூறு வாங்கிக்கொண்டு கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்தான். பையன் தேவர்களைத் துதித்துக் கட்டு அவிழ்ந்து பிழைத்தான் என்று கதை முடிகிறது. வருணன் என்ன சொன்னான் தெரியுமா? க்ஷத்திரியப் பிள்ளையைவிடப் பிராமணப் பிள்ளை உசத்தி, வாங்கிக்கொள்ளுகிறேன் என்றான்!

பைபிளில் ஆதியாகமம் 22-ம் அதிகாரத்திற்கு வாருங்கள். ஆபிரகாம் ஈசாக்கைக் கட்டி, விறகின்மேல் கிடத்திக் கத்தியை எடுக்கிறான். கடைசி நேரத்தில் புதரில் ஒரு ஆட்டுக்கடா சிக்கியிருந்தது. ஈசாக்கு பிழைத்தான், ஆடு செத்தது. நியாயாதிபதிகள் 11-ல் யெப்தா என்பவன், யுத்தத்தில் ஜெயித்துத் திரும்பும்போது என் வீட்டு வாசலிலிருந்து எது முதலில் எதிரே வருகிறதோ அதைத் தகனபலி இடுவேன் என்று நேர்ந்துகொண்டான். ஒரே மகள் மேளம் கொட்டி ஆடிக்கொண்டு வந்தாள். அவளுக்குப் புதரில் ஆடு சிக்கவில்லை.

நம் கூத்தில் அரவான் களப்பலி வருகிறதே, அது என்ன? முப்பத்திரண்டு லட்சணமும் பொருந்தியவர்கள் கிருஷ்ணன், அருச்சுனன், அரவான் மூன்று பேர். கத்தி யார் கழுத்தில் விழுந்தது? நாகப் பெண்ணுக்குப் பிறந்த பிள்ளையின் கழுத்தில். ராஜ்யம் கேட்டவர்கள் ஒரு பக்கம், தலை கொடுத்தவன் ஒரு பக்கம். இன்றைக்கும் கூவாகத்தில் வருஷந்தோறும் அவனுக்காக ஒப்பாரி வைத்துத் தாலி அறுக்கிறார்கள்.

சதபத பிராமணம் என்னும் நூல் இன்னும் வெளிப்படையாகவே சொல்லுகிறது. முதலில் பலி மனிதன். பலியின் சாரம் அவனை விட்டுக் குதிரைக்குப் போயிற்றாம். பிறகு மாடு, செம்மறி, வெள்ளாடு என்று இறங்கிக் கடைசியில் நெல்லுக்கும் யவத்துக்கும் வந்ததாம். ஆட்டுக்குப் பதில் பூசணிக்காயை உடைத்துக் குங்குமம் தடவுகிறீர்களே, அந்தக் காய் யாருக்குப் பதில் என்று இப்போதாவது தெரிகிறதா?

யூதர்கள் இந்தப் பதிலாள் முறையைச் சட்டமாகவே எழுதினார்கள். லேவியராகமம் 16-ல், ஆசாரியன் உயிருள்ள வெள்ளாட்டுக்கடாவின் தலையில் இரண்டு கையையும் வைத்து ஜனங்களின் பாவத்தையெல்லாம் சொல்லி அதை வனாந்தரத்துக்கு ஓட்டிவிடுகிறான். 5-ம் அதிகாரத்தில் விலைப்பட்டியலே இருக்கிறது. ஆட்டுக்குட்டிக்கு வக்கில்லாதவன் இரண்டு புறா; அதற்கும் வக்கில்லாதவன் கொஞ்சம் மாவு. கி.பி. 70-ல் ரோமர்கள் எருசலேம் கோயிலை இடித்த பிறகு அந்தப் பலிகள் நின்றன. ஆனால் ஆட்டை விட்ட இடத்தில் கிறிஸ்தவர்கள் மனிதனை வைத்தார்கள். சிலுவையில் செலுத்திய கிரயம் சாத்தானுக்குச் சேர்ந்தது என்று பழைய பாதிரிகள் சிலர் சொன்னார்கள். 11-ம் நூற்றாண்டின் முடிவில் இங்கிலாந்தில் காண்டர்பரி ஆன்செல்ம் என்னும் பெரிய குரு, அப்படியல்ல, கடவுளின் மானத்துக்குப் பட்ட கடன், அதைக் கடவுளே மனிதனாக வந்தாலொழிய அடைக்க முடியாது என்றார். அதாவது கடன்காரனை மன்னிக்க நினைத்த சாவுகாரர், பத்திரத்தைக் கிழித்துப் போடுவதை விட்டுத் தன் பிள்ளையை அடித்துக் கொன்று வரவு வைத்துக்கொண்டார். மன்னிப்புக்கு இவ்வளவு சுற்று எதற்கு?

இதைக் கேட்டு இந்துப் பண்டிதர்கள் சிரிப்பார்கள். எங்கள் மதத்தில் அவனவன் கர்மம் அவனவனுக்கு, ஒருவன் பாவத்தை இன்னொருவன் சுமக்க முடியாது என்பார்கள். மனுவின் 11-ம் அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள். பிராமணனைக் கொன்றவனுக்குப் பன்னிரண்டு வருஷம் வனவாசம். சூத்திரனைக் கொன்றால் அதில் பதினாறில் ஒரு பங்கு. அல்லது பத்துப் பசுவும் ஒரு காளையும் தானம். பூனை, கீரி, தவளை, நாய், ஆந்தை, காக்கை கொன்றாலும் சூத்திரனைக் கொன்ற பிராயச்சித்தமேதான். கர்மம் விடாது என்கிற அதே வாய், பதினொரு மாடு வந்தால் விடும் என்கிறது. அந்த மாடுகள் யார் வீட்டுக்குப் போகின்றன? செத்த சூத்திரனின் பெண்சாதி பிள்ளைகளுக்கு ஒரு கன்றுக்குட்டியாவது உண்டா? இல்லை, பிராமணனுக்குக் கொடு என்றுதான் எழுதியிருக்கிறது.

இதைத்தான் நான் முக்கியமாய்ச் சொல்ல வந்தேன். கொன்றவன் இருக்கிறான், கடவுள் இருக்கிறார், நடுவில் புரோகிதன் இருக்கிறான். அடிபட்டவன் மட்டும் அந்தப் பந்தலிலேயே இல்லை!

நிற்க, உள்ளதை மறைக்கக் கூடாது. லேவியராகமம் 6-ல், திருடினவன் முதலையும் ஐந்தில் ஒரு பங்கையும் உடையவனுக்குக் கொடுத்த பிறகே பலி என்று இருக்கிறது. காணிக்கையைப் பீடத்தண்டை வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு சமாதானமாகு என்று ஏசுவும் சொன்னதாக மத்தேயு எழுதியிருக்கிறார். மனுவும் அற்பத் திருட்டுக்குத் திருப்பிக் கொடுத்து விரதமிரு என்கிறார். இவை நல்ல பேச்சுத்தான். ஆனால் திருவிழா எதற்கு எடுக்கிறீர்கள்? கொடியேற்றம் எதற்கு? இந்த நல்ல பேச்சுக்கா, அல்லது ரத்தத்துக்கா? எல்லோருக்கும் ஒரே ரத்தம் சிந்தப்பட்டது என்று பிரசங்கம் செய்துவிட்டு, கல்லறைத் தோட்டத்தில் ஜாதிக்கொரு பக்கமாய்ச் சுவர் வைத்த ஊர்களும் தமிழ்நாட்டில் உண்டு.

எங்கள் பக்கத்தில் ஒரு பண்ணையார், வேலைக்காரனை அடித்துக் கையை ஒடித்துவிட்டார். பிறகு அவர் வீட்டுப் பிள்ளைக்கு ஜுரம் வந்தது. தோஷம் என்று ஹோமம் வளர்த்தார்கள், காவல்தெய்வத்துக்குக் கடாவும் வெட்டினார்கள். அதற்கு விறகு சுமந்தவள் கை ஒடிந்தவனின் பெண்சாதி. கூலி கேட்டாள், சாமி காரியத்துக்குக் கூலியா என்று துரத்தினார்கள். அதே பக்கத்தில் ஒரு கிறிஸ்தவ வியாபாரி, ஒரு விதவையின் நிலத்தைப் பத்திரத்தில் மடக்கி வைத்திருந்தார். வருஷந்தோறும் பெரிய வியாழனன்று பாவசங்கீர்த்தனம் செய்வார். அந்த அம்மாளும் அதே கோயிலில் பின்வரிசையில் முழங்காலிட்டிருப்பாள். நான் ஒருநாள் அவரைக் கேட்டேன். “என் கடனையெல்லாம் ஏசு தீர்த்துவிட்டார்” என்றார். “அந்த அம்மாள் பத்திரம்?” என்றேன். “அது வேறு விஷயம்” என்றார். (சிரிப்பு)

இந்தக் கூட்டத்தில் உபதேசியார் ஒருவரும் சாஸ்திரிகள் ஒருவரும் இருப்பதாகத் தலைவர் சொன்னார். அவர்கள் மேடைக்கு வந்து மறுப்புச் சொன்னால் எவ்வளவு நேரமானாலும் உட்கார்ந்து கேட்கத் தயாராயிருக்கிறேன். விறகுக் கூலியையும் பத்திரத்தையும் மட்டும் விட்டுவிடாமல் அவற்றுக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டுமாய்க் கேட்டுக்கொண்டு உட்காருகிறேன்.